பொதுமக்கள் ஒருவர்

காலை ஒன்பதே காலுக்கு அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது அவர் வெறும் பிளம்பர். பத்து மணிக்கெல்லாம் அவரைப் பொதுமக்கள் ஆக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்த எதற்கும் அவர் பொறுப்பில்லை. ஆனால் அந்த ஊரில் பொறுப்பில்லாதவர்கள்தான் எப்போதும் மாட்டிக்கொள்வார்கள்.

கட்டடம், பழங்கதைத் திரைப்பட வாரியத்துடையது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பழைய கதைகளைப் படமாக எடுப்பது அதன் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்பது படம் எடுத்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, வரிசையாகத் தூங்கி, வரிசையாகத் திரும்பி வரும். அந்தத் தூக்கத்துக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்ள நாலு மாடி, எழுபது அதிகாரிகள்.

இரண்டாவது மாடியில், படம் போட்டுப் பார்க்கும் அரங்கத்தின் வாசலில், கை கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் வளையும் இடத்தில் மாட்டிய எல்போ விரிசல் விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷ வேலை. பிளம்பர் மாடிப்படிக்கு அடியில், பழைய போஸ்டர் கட்டுகளை நகர்த்தி, மெயின் வால்வைக் கண்டுபிடித்து மூடினார். "பத்து நிமிஷம் எந்த மாடிக்கும் தண்ணி வராதுங்க" என்று வழியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவிடம் சொன்னார். குமாஸ்தா தலையை நிமிர்த்தாமல் ஆட்டினார். பிளம்பர் மேலே வந்து, உடைந்த எல்போவைக் கழற்றிக் கீழே வைத்தார். புது எல்போ பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. அதை எடுக்கக் கையை விட்ட நேரத்தில்தான் இரண்டு கறுப்புச் செருப்புகள் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றன.

சிரிப்புப் பிரிவு அதிகாரி. ஐம்பது வயது அம்மாள். கக்கத்தில் ஃபைல். வாழ்க்கையில் யாரோ ஒருவர் ஒருமுறை சொன்ன நகைச்சுவைக்கு இன்னும் விளக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர் மாதிரி முகம்.

"நீங்க இந்த வாரியத்துல வேலை பாக்கறவரா?"

"இல்லைங்க மேடம். கம்பெனியில அனுப்பினாங்க. வெளியாள்."

"இந்தப் படத்துல வேலை செஞ்சவங்க யாராவது சொந்தக்காரங்களா?"

"நமக்கு எங்கேர்ந்துங்க மேடம்."

"அப்போ நீங்க பொதுமக்கள். எழுந்து வாங்க."

விஷயம் இதுதான். வாரியத்தின் விதிப்படி ஒரு நகைச்சுவைப் படம் வெளியே போக வேண்டுமானால், பொதுமக்களில் ஒருவராவது குழுவின் முன்னால் உட்கார்ந்து சிரித்தாக வேண்டும். இதற்கென்று வாரியத்திலேயே ஒரு ஆள் இருந்தார். இளநிலைப் பொதுமக்களாக வேலைக்குச் சேர்ந்து, முதுநிலைப் பொதுமக்களாக உயர்ந்தவர். சிவப்பு பல்பு எரிந்தால் சிரிப்பார், அணைந்தால் நிறுத்துவார். போன வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றுவிட்டார். புது ஆளுக்கு இன்னும் நேர்காணல் நடக்கவில்லை. படமோ நாளைக்கு வெளியே போயாக வேண்டும்.

"மேடம், குழாய் திறந்து கெடக்கு. பத்து நிமிஷம் குடுங்க, மாட்டிட்டு வந்துடறேன்."

"பொதுமக்கள் அலுவலகக் குழாயைத் தொடக்கூடாது" என்றார் அதிகாரி.

அவருடைய கேட் பாஸை வாங்கி, 'வந்த காரணம்: குழாய்' என்பதை அடித்துவிட்டு, 'சிரிக்க' என்று எழுதினார். வந்த காரணம் முடிந்தால்தான் தலைவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இருந்தால்தான் வாட்ச்மேன் வெளியே விடுவார். அடையாள அட்டையும் போனும் ஏற்கெனவே வாட்ச்மேன் டப்பாவில் இருந்தன.

பிளம்பருக்கு ஒரே கவலைதான். சாயங்காலம் நாலரை மணிக்கு மகளுடைய பள்ளிக்கூடத்தில் நாடகம். மகள் இரண்டாம் வகுப்பு. அவள்தான் பூ.

படத்தின் பெயரைக் கேட்டதும் அந்தக் கவலைகூடக் கொஞ்சம் குறைந்தது. ஏனென்றால் வாரியம் எடுத்திருந்த படமும் மகளுடைய நாடகமும் ஒரே கதைதான். 'தேனீயை விழுங்கிய ராஜா.' அந்த ஊரில் அதைக் கேட்காமல் யாரும் வளர்ந்ததில்லை. பேராசை பிடித்த ராஜா தேனடையை அப்படியே கடிக்கிறான். தேனீ வாய்க்குள் போய்விடுகிறது. அன்றிலிருந்து ராஜா எந்த உத்தரவு போட வாயைத் திறந்தாலும் 'ரீஈஈங்' என்றுதான் வருகிறது. மந்திரிகள் அதற்கும் தலையாட்டி, அவரவருக்குத் தோன்றியதைச் செய்கிறார்கள். நாடே தலைகீழாகிறது. கடைசியில் ஒரு சின்னப் பூ வந்து, "ராஜா, வாயைத் திறங்க. நான் பூ" என்று சொல்லிவிட்டு, அவன் வாய்க்கு முன்னால் இதழை விரித்துக்கொண்டு நிற்கிறது. அதட்டாமல், அவசரப்படாமல், தேனீ தானாக வெளியே வரும்வரை நிற்கிறது. அவ்வளவுதான் கதை.

இரண்டு வாரமாக வீட்டில் இதுதான் ஒத்திகை. பிளம்பர்தான் ராஜா. அவர் 'ரீஈஈங்' என்று ஆரம்பிப்பார், அவருக்கே சிரிப்பு வந்துவிடும். அவருடைய சிரிப்பு ஒரு தினுசு. சத்தமே வராது. தோள் குலுங்கும், முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும், அவ்வளவுதான். "அப்பா, சிரிக்காதப்பா. நீ சிரிச்சா பூ ஆடுது" என்று மகள் இதழை விரித்தபடியே திட்டுவாள்.

அரங்கத்தில் அவரை நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூக்குக்கு முன்னால் ஒரு மைக். அதிலிருந்து வயர் போய்ச் சேரும் இடத்தில் முள் வைத்த ஒரு பெட்டி, சிரிப்புமானி. திரைக்குப் பக்கத்தில் சிவப்பு பல்பு. சுற்றிலும் ஐந்து பேர் கொண்ட குழு, அவர்களுக்கு நடுவில் தலைவர். ஓரத்தில் ஒடுங்கிப்போய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் இயக்குநர்.

விளக்கு அணைந்தது. 'உயிருள்ள மனிதர்கள் நடிக்கும் நகைச்சுவைச் சித்திரம்' என்று எழுத்து வந்தது. அதற்கப்புறம் வந்த மனிதர்களைப் பார்த்தால் அந்த உத்தரவாதம் தேவைதான் என்று தோன்றியது.

ராஜா தேனடையைக் கடிக்கப் போனார். பிளம்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேனீ பறந்து வந்தது. ராஜா விழிப்புணர்வோடு வாயை மூடிக்கொண்டார். தேனீ சிம்மாசனத்தின் கைப்பிடியில் உட்கார்ந்தது. ராஜா எழுந்து நின்று, தேனீக்களின் உழைப்பைப் பற்றிப் பதினாலு நிமிஷம் பேசினார். சிவப்பு பல்பு எரிந்தது. ஐந்து பேரும் தலைவரும் பிளம்பரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிளம்பர் பல்பைப் பார்த்தார்.

இப்படி முப்பத்தொரு முறை பல்பு எரிந்தது.

பூ வரும் வரும் என்று பிளம்பர் காத்திருந்தார். கடைசிக் காட்சியில், ராஜாவுக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி தெரிந்தது. பிறகு விளக்கைப் போட்டுவிட்டார்கள். சிரிப்புமானியின் முள் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஏன் சிரிக்கல?" என்றார் அதிகாரி.

"மேடம், தேனீ ராஜா வாய்க்குள்ள போகவே இல்லையே. ரீங்னு கத்தவே இல்ல. அப்புறம், பூ எங்கங்க? என் பொண்ணு வேஷமே இல்லையே."

தலைவர் எழுந்தார். பொத்தானைச் சரிசெய்துகொண்டார். எதிரே ஒரே ஒரு பிளம்பர் இருந்தாலும் அவருக்கு அது மேடைதான்.

"பொதுமக்களே! நல்ல கேள்வி. ராஜா வாயைத் திறந்தால் ரீங்காரம் வருகிறது என்றால் என்ன அர்த்தம்? மேலே இருப்பவர்கள் பேசுவது கீழே இருப்பவர்களுக்கு விளங்காது என்று அர்த்தம். இதை அனுமதிக்கலாமா? தேனீயை மந்திரி வாயில் விடலாம் என்றார் இயக்குநர். குழுவில் இரண்டு பேர் மந்திரிக்கு வேண்டியவர்கள். சமையல்காரன் வாயில் விடலாம் என்றார். அன்றைக்கு எங்களுக்கு மதியச் சாப்பாடு வரவில்லை. எனவே, தேனீ யார் வாயிலும் போக வேண்டாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். வாயில் தேனீ இல்லாதபோது பூவுக்கு என்ன வேலை? ஆனாலும் பழைமையை மதித்து ஒரு தொட்டி வைத்திருக்கிறோம்."

குழு கை தட்டியது. தலைவருக்கு வேகம் வந்துவிட்டது.

"இந்தக் கதையில் சிரிப்பு வரும் இடங்கள் நாற்பத்தெட்டு இருந்தன. ஒவ்வொன்றையும் ஆராய்ந்தோம். நாற்பத்தெட்டிலும் யாரோ ஒருவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது. நீக்கினோம். இப்போது யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. நீங்கள் சும்மாவே சிரிக்கலாம்! இதைத்தான் போன மாதம் குழுவில் மூன்று மணி நேரம் விளக்கினேன். ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை. கடைசியில் கேட்டால், ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்கிறார்கள். ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். அதுதான் நிர்வாகம்!"

பிளம்பருக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. தோள் குலுங்கியது, முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாற்காலியே ஆடியது. காலையிலிருந்து இவ்வளவு நல்ல சிரிப்பு அந்தக் கட்டடத்தில் யாருக்கும் வந்திருக்காது. இருபத்திரண்டு வருஷத்தில் வந்திருக்காது என்றே சொல்லலாம்.

சிரிப்புமானியின் முள் அசையவில்லை.

அதிகாரி ஃபைலைத் திறந்து எழுதினார்: 'பன்னிரண்டு நாற்பது. பொதுமக்களுக்கு நடுக்கம். டாக்டர் வரவழைக்கப்பட்டார்.'

டாக்டர் வந்து நெஞ்சில் தட்டினார், முதுகில் தட்டினார். நாக்கை நீட்டச் சொன்னார். ஒட்டடைக்குச்சியின் நுனியால் உள்ளங்காலில் தடவிப் பார்த்தார். குழாய் வேலைக்காரரின் உள்ளங்கால் அது, முப்பது வருஷம் ஈரத்தில் நின்று காய்த்துப்போனது. ஒன்றும் நடக்கவில்லை. 'சிரிப்பதற்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் உள்ளன. மனம்தான் இல்லை' என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"உங்க பின்னாடி யாரோ இருக்காங்க" என்றார் குழுவில் ஒருவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

பிளம்பர் திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலிதான் இருந்தது.

இரண்டு மணிக்குக் கட்டடத்தில் வேறொரு பரபரப்பு. எந்த மாடியிலும் தண்ணீர் இல்லை. கழிப்பறைகளைப் பூட்டிவிட்டார்கள். எழுபது அதிகாரிகளும் டீ குடிப்பதை நிறுத்திவிட்டு மெதுவாக நடக்க ஆரம்பித்தார்கள்.

"நான்தாங்க பிளம்பர்" என்றார் பிளம்பர். "வால்வை மூடினதே நான்தான். விட்டீங்கன்னா பத்து நிமிஷத்துல..."

"நீங்க இப்போ பொதுமக்கள்" என்றார் அதிகாரி. "பிளம்பருக்கு அவசர உத்தரவு போட்டாச்சு. வருவாங்க."

அவசர பிளம்பரும் வந்தார். கேட்டில் வாட்ச்மேன் ரிஜிஸ்டரைப் புரட்டினார். இன்றைக்கு ஒரு பிளம்பர் உள்ளே போனதாகப் பதிவாகியிருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை, ஒரு சொட்டுக்கு ஒரு பிளம்பர்தான் அனுமதி என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். செய்தி மேலே வந்தபோது குழு அந்த வாட்ச்மேனின் கடமை உணர்ச்சியைப் பாராட்டித் தீர்மானம் போட்டது.

பிளம்பரை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். பயிற்சி. சிரிப்பில் மூன்று வகை என்று அதிகாரி பலகையில் எழுதினார். முதல் வகை, 'ஹ'. இரண்டாம் வகை, 'ஹா ஹா'. மூன்றாம் வகை, 'ஹா ஹா ஹா', கூடவே தொடையில் ஒரு தட்டு. முன்பிருந்த முதுநிலைப் பொதுமக்களின் சிரிப்பைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதை ஓடவிட்டு, அதே மாதிரி செய்யச் சொன்னார்கள்.

பிளம்பருக்குச் சத்தம் போட்டுச் சிரித்துப் பழக்கமே இல்லை. முதலில் இருமல் வந்தது. அப்புறம் விக்கல் வந்தது. பல்பு எரியும், அதிகாரி ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார், இவர் வாயைத் திறப்பார். நூறு தடவைக்கு மேல் ஆகியிருக்கும். மூன்றரை மணி வாக்கில், பல்பு எரிந்ததும் இவர் கேட்காமலேயே வாய் திறந்து 'ஹா ஹா ஹா' என்றது. கை தானாகத் தொடைக்குப் போனது. பிளம்பருக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"வந்துருச்சு பாத்தீங்களா" என்றார் அதிகாரி. முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு திருப்தி.

"அப்போ கையெழுத்து வாங்கிக் குடுங்க மேடம். நாலரைக்குப் பொண்ணு நாடகம். அவ பூவா நடிக்கிறா."

"பயிற்சி அறையில சிரிச்சது கணக்குல வராது. படம் ஓடும்போது, குழு முன்னாடி சிரிக்கணும். நாலு பத்துக்குப் படம்."

"மேடம், அது ரெண்டு மணி நேரப் படம்!"

"ரெண்டு மணி பத்து நிமிஷம்" என்று திருத்தினார் அதிகாரி.

அரங்கத்துக்குப் போகும் வழியில் இயக்குநர் அவர் பக்கத்தில் வந்து நடந்தார். "நான் முதல்ல எடுத்ததுல எல்லாம் இருந்துச்சு அண்ணே" என்றார் மெதுவாக. "ரீங்காரம், பூ, எல்லாம். அந்தத் தேனீ நிஜத் தேனீ. படத்துல அது ஒண்ணுதான் ஒழுங்கா நடிச்சுது."

"ஏன் சார் வெட்ட விட்டீங்க?"

"ஒவ்வொண்ணா கேட்டாங்க. ஒண்ணுதானேன்னு குடுத்தேன்."

படம் ஓடியது. பல்பு எரிந்தது. பிளம்பர் சிரித்தார். முள் துள்ளியது. குழு ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டது. ராஜா பேசினார், பல்பு எரிந்தது, ஹா ஹா ஹா. பிளம்பர் திரையைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. இந்நேரம் திரை விலகியிருக்கும். மகள் மஞ்சள் காகித இதழைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தில் அப்பாவைத் தேடிக்கொண்டு நிற்பாள். பல்பு எரிந்தது. பிளம்பர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்த மாதிரி ஒரு அவமானம் அவருக்கு அதுவரை வாழ்க்கையில் நேர்ந்ததில்லை. சாக்கடைக்குள் இறங்கியபோதுகூட நேர்ந்ததில்லை.

ஆறு இருபதுக்கு முப்பத்தொன்றாவது சிரிப்பும் முடிந்தது. பிளம்பர் கேட் பாஸை நீட்டினார். தலைவர் அதை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, பொத்தானைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். நிறைவுரை.

"பொதுமக்களே!" என்று ஆரம்பித்தார். ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. "இன்று மக்களும் இந்த வாரியமும் ஒன்று கலந்த நாள். எனக்கு எந்த அவசரமும் இல்லை. மக்கள் முன்னால் நிற்கும்போது எனக்குச் சொந்தத் தேவைகள் என்று எதுவும் கிடையாது. இந்த வாரியத்தின் வரலாற்றை..." இங்கே நிறுத்தி, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டார். "தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்."

அப்போதுதான் பிளம்பருக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து வந்திருக்க வேண்டிய கோபம். பாவம், அவர் பொதுமக்கள், எல்லாம் தாமதமாகத்தான் வரும். பாக்கெட்டில் கையை விட்டார். புது எல்போ அங்கேயே இருந்தது. அதை எடுத்துத் தலைவரின் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"ஐயா. இது இல்லாம இந்தக் கட்டடத்துல ஒரு சொட்டுத் தண்ணி வராது. வால்வு எங்க இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் நாளைக்குக் காலை வரைக்கும்கூட இங்கயே உக்காந்து உங்க வரலாறு கேக்கறேன். எனக்கு அவசரம் இருந்துச்சு, அது முடிஞ்சு போச்சு. இனிமே எனக்கு ஒரு அவசரமும் இல்ல. உங்களுக்கு எப்படி?"

தலைவர் எல்போவைப் பார்த்தார். கேட் பாஸைப் பார்த்தார். வாயைத் திறந்தார். வார்த்தை எதுவும் வரவில்லை, 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. குழு அதற்கும் தலையாட்டியது. அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார். வாரியத்தின் வரலாற்றிலேயே விவாதம் இல்லாமல் போடப்பட்ட ஒரே கையெழுத்து அதுதான்.

பிளம்பர் எல்போவை மாட்டி, வால்வைத் திறந்தார். பத்து நிமிஷம்தான் ஆனது. நாலு மாடியிலும் கதவுகள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது ஏழரை. மனைவி கதவைத் திறந்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம். மகள் இன்னும் மஞ்சள் இதழைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு இதழ் கிழிந்து தொங்கியது.

"ரெண்டாவது வரிசையில ஒரு சீட் காலியா இருந்துச்சுப்பா" என்றாள். "நீ வருவேன்னு டீச்சர் யாரையும் உக்கார விடல."

பிளம்பர் செருப்பைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தார். ஒரு படம் பார்த்துச் சிரிப்பதற்காக உன்னைப் பார்க்க வரவில்லை என்று எந்த அப்பன் சொல்வான்?

"பரவால்ல. இங்கயே பண்றேன். அம்மா ராஜா. நீ பாக்கறவங்க."

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, கோபம் இன்னும் போகாத முகத்தோடு, "ரீஈஈங்" என்றாள். சும்மா சொல்லக்கூடாது, ராஜாவேதான். மகள் இதழை விரித்தாள். கிழிந்த இதழ் மூக்கில் உரச, பூ 'அச்சூ' என்று ஒரு தும்மல் போட்டது. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் தும்மியிருப்பாள்.

பிளம்பர் வாயைத் திறந்தார்.

"ஹா ஹா ஹா" என்று வந்தது. கை தொடையில் ஒரு தட்டுத் தட்டியது.

மகள் இதழைத் தாழ்த்தினாள். மனைவியும் ரீங்காரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா. இது யாரோட சிரிப்பு?"

பிளம்பர் மறுபடி முயன்று பார்த்தார். மறுபடியும் அதேதான் வந்தது, அளவு மாறாமல், மூன்று ஹா. தோள் அசையவே இல்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் இருந்தது, அது வேறு தண்ணீர்.

மகள் தொங்கிய இதழைச் சரிசெய்துகொண்டு, அம்மாவை விட்டுவிட்டு, அவர் முன்னால் வந்து மண்டியிட்டாள். இரண்டு கையையும் விரித்து, அவர் வாய்க்கு நேராக இதழைப் பிடித்தாள்.

"ராஜா, வாயைத் திறங்க. நான் பூ."

பிளம்பர் வாயைத் திறந்தார். மகள் அசையாமல் இருந்தாள். அவளுக்குக் கை வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

"எவ்வளவு நேரம்டி அப்படியே இருப்பீங்க ரெண்டு பேரும்?" என்றாள் மனைவி.

"வர்ற வரைக்கும்மா" என்றது பூ.